ஒரு லட்சம் செல்களில் ஒரு காவியம்: ராம் மோகனும் ஜப்பானிய ராமாயணமும்

2025 ஜனவரி 24ஆம் தேதி இந்தியத் திரையரங்குகளுக்கு ஒரு பழைய படம் வந்தது. ‘ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா’ என்ற அந்த அனிமேஷன் படம் 1992இல் தயாராகி, 1993 ஜனவரியில் தில்லியில் நடந்த 24ஆவது இந்திய சர்வதேசத் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. பிறகு பல ஆண்டுகள் தொலைக்காட்சி வழியாகத்தான் இந்தியக் குழந்தைகளிடம் போய்ச் சேர்ந்தது. 2025இல் 4கே தரத்துக்கு மெருகேற்றப்பட்டு, தமிழ் உட்பட நான்கு மொழிகளில் பெரிய திரைக்கு வந்தபோது எல்லோரும் அதை ‘ஜப்பானிய அனிமே’ என்றே பேசினார்கள். படத்தை இயக்கியவர்களாகச் சொல்லப்படும் பெயர்கள் மூன்று: யூகோ சாக்கோ, கோய்ச்சி சசாகி, ராம் மோகன். மூன்றாவது பெயருக்குரியவர் மதராசில் வேதியியல் படித்து, பம்பாயில் படம் வரையக் கற்று, அறுபது ஆண்டுகளுக்கு மேல் அந்தத் தொழிலிலேயே இருந்தவர். இந்திய அனிமேஷனின் தந்தை என்று அவரை அழைக்கிறோம். பட்டத்தைக் கொடுத்த கையோடு அவருடைய கலையைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டோம். ராம் மோகனுக்கென்று ஒரு பாணி இருந்தது. அது ஜப்பானிய அனிமேஷனின் பாணி எங்கிருந்து பிறந்ததோ அதே இடத்திலிருந்து, அதாவது ஓவியங்களின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டிய நெருக்கடியிலிருந்து பிறந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம். இரண்டும் பிற்பாடு வேறுவேறு கதியை அடைந்ததற்குத் திறமையில் இருந்த ஏற்றத்தாழ்வு காரணமாகத் தெரியவில்லை. அவை வளர்ந்த தொழிற்கூடங்களின் நிலைமைதான் காரணம்.

இந்தக் கலையின் அடிப்படைக் கணக்கை முதலில் பார்த்துவிடலாம். திரைப்படம் வினாடிக்கு 24 பிரேம்களாக ஓடுகிறது. ஒவ்வொரு பிரேமுக்கும் புதிதாக ஒரு ஓவியம் வரைந்தால் அசைவு நீர்போல் வழியும், செலவு மலைபோல் ஏறும். ஒரே ஓவியத்தை இரண்டு பிரேமுக்குப் பயன்படுத்தினால் வினாடிக்குப் பன்னிரண்டு ஓவியம் போதும். மூன்று பிரேமுக்கு என்றால் எட்டு. கணினி வருவதற்கு முன்பு, தாளில் பென்சிலால் வரைந்த ஒவ்வொரு ஓவியத்தையும் ‘செல்’ எனப்படும் ஒளிபுகும் தகட்டில் மையால் நகலெடுத்து, பின்புறம் வண்ணம் பூசி, பின்னணி ஓவியத்தின்மேல் வைத்து, கேமராவில் ஒவ்வொரு பிரேமாகப் பிடிக்க வேண்டும். ஜப்பானிய ராமாயணம் 135 நிமிடம் ஓடுகிறது; அதாவது 1,94,400 பிரேம். அதற்கு உழைத்த கலைஞர்கள் ஏறத்தாழ 450 பேர், பயன்பட்ட செல்கள் ஏறத்தாழ ஒரு லட்சம். சராசரியாக வினாடிக்குப் பன்னிரண்டு செல் வருகிறது. கேட்க நிறைய இருப்பதுபோல் தோன்றும். ஆனால் ராமனும் இலக்குவனும் சீதையும் ஒரே காட்சியில் நின்றால் ஆளுக்கொரு செல் வேண்டும். வானரப் படை வந்தால் அடுக்கடுக்காக வேண்டும். அப்படிப் பங்கிட்டால் ஒரு பாத்திரத்துக்குக் கிடைக்கும் ஓவியங்கள் மிகக் குறைவு. இவ்வளவு பெரிய கதையை இவ்வளவு குறைந்த அசைவில் சொல்லிவிட முடிகிறது என்றால், எங்கே அசைய வேண்டும், எங்கே அசையாமல் நிற்க வேண்டும் என்று முடிவெடுக்கிறவரிடம்தான் கலை இருக்கிறது. அனிமேஷன் இயக்குநரின் வேலையே அதுதான்.

இந்தக் கணக்கு ஜப்பானுக்கும் இந்தியாவுக்கும் ஒரே காலத்தில்தான் எதிர்ப்பட்டது. 1956இல் டோக்கியோவில் டோயெய் டோகா என்னும் அனிமேஷன் நிறுவனம் அமைந்தது. கீழ்த்திசையின் டிஸ்னியாவதுதான் அதன் கனவு. 1958இல் ‘வெள்ளைப் பாம்பின் கதை’ என்ற முழுநீள வண்ணப்படத்தை வெளியிட்டது. அதே 1956இல் பம்பாயில், மத்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷனுக்குள் இயங்கிய கார்ட்டூன் பிரிவுக்கு, அமெரிக்கத் தொழில்நுட்ப உதவித் திட்டத்தின்கீழ் கிளேர் வீக்ஸ் வந்து சேர்ந்தார். டிஸ்னியில் ‘பாம்பி’, ‘பீட்டர் பேன்’ போன்ற படங்களில் வேலை செய்தவர் அவர். ராம் மோகன் அவரிடம் பயின்ற முதல் அணியைச் சேர்ந்தவர். புத்த ஜாதகக் கதையை வைத்து அந்த அணி 1957இல் எடுத்த ‘தி பனியன் டியர்’ படத்தில் உருவங்கள் அஜந்தா ஓவியங்களின் சாயலில் இருக்கின்றன. அவற்றை அசைக்கும் முறையோ டிஸ்னியினுடையது. தமிழ்நாட்டில் இதற்கும் முன்பே முயற்சி நடந்திருக்கிறது. 1947இல் ஜெமினி ஸ்டூடியோவில் தாணு என்ற ஓவியர் ‘சினிமா கதம்பம்’ என்னும் குறும்படத்தைச் செய்தார். அது தொடரவில்லை. ஆகவே 1950களின் முடிவில் இரு நாட்டிலும் நிலைமை ஏறக்குறைய ஒன்றுதான்: இரண்டு இடத்திலும் டிஸ்னிதான் இலக்கு, இரண்டு இடத்திலும் டிஸ்னியின் பணம் கிடையாது.

ஜப்பானில் இந்த முடிச்சை அவிழ்த்தது தொலைக்காட்சி. 1963 ஜனவரி 1ஆம் தேதி ஒசாமு டெசுகாவின் ‘ஆஸ்ட்ரோ பாய்’ ஒளிபரப்பாகத் தொடங்கியது. வாரத்துக்கு ஒரு அரைமணி நேரப் படம் என்றால் டிஸ்னி முறையில் நினைத்தும் பார்க்க முடியாது. டெசுகாவின் கூடத்தில் மூன்று பிரேமுக்கு ஒரு ஓவியம் என்று வைத்துக்கொண்டார்கள். பேசும்போது வாயை மட்டும் அசைத்தார்கள். பறக்கும் காட்சியைப் பத்திரப்படுத்தி மறுபடி மறுபடி எடுத்தாண்டார்கள். அசையாத ஓவியத்தின்மேல் கேமராவை நகர்த்தினார்கள். சிக்கனத்துக்காகக் கைக்கொண்ட இந்த உத்திகளே வாராவாரம் பழகிப் பழகி ஒரு மொழியாகிவிட்டன. உறைந்த முகம், நீண்ட மௌனம், நுட்பமாக வரைந்த பின்னணியின் முன்னே அசையாமல் நிற்கும் உருவம் என்று ஜப்பானிய அனிமேஷனில் இன்று உலகம் வியக்கும் பல அம்சங்களுக்கு அந்த நெருக்கடியே தாய்வீடு.

ராம் மோகன் தம் வழியில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். பிலிம்ஸ் டிவிஷனின் படங்கள் குடும்பக் கட்டுப்பாடு, சேமிப்பு, சுகாதாரம் என்று சில நிமிடங்களுக்குள் ஒரு செய்தியைச் சொல்லி முடிக்க வேண்டியவை. கையில் இருப்பது சொற்ப ஆட்களும் சொற்பத் தொகையும். டிஸ்னி முறையில் உடலின் ஒவ்வொரு தசையையும் குலுக்கிக் காட்ட நேரம் இருக்காது. 1967இன் ‘ஹோமோ சாப்ஸ்’ படத்துக்குக் கதையும் வடிவமைப்பும் அவருடையவை. அது தேசிய விருது பெற்றது. 1968இல் அரசுப் பணியை விட்டு, பிரசாத் புரொடக்‌ஷன்ஸின் அனிமேஷன் பிரிவுக்குத் தலைவரானார். 1972இல் ‘ராம் மோகன் பயோகிராபிக்ஸ்’ என்று சொந்த நிறுவனம் கண்டார். அந்த ஆண்டின் ‘யூ செட் இட்’, 1983இன் ‘ஃபயர் கேம்ஸ்’ இரண்டுக்கும் சிறந்த அனிமேஷன் படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. பெரும்பாலான ஆண்டுகளில் நிறுவனத்துக்குச் சோறு போட்டவை விளம்பரப் படங்களும் இந்தித் திரைப்படங்களின் டைட்டில் காட்சிகளும்தான். அவருடைய கைவரிசையைப் பார்க்கச் சிறந்த இடம், என் கணிப்பில், சத்யஜித் ரேயின் ‘ஷத்ரஞ்ச் கே கிலாடி’ (1977). அவத் நவாபின் ராஜ்யம் ஒருநாள் நம் வாயில் வந்து விழப்போகும் செர்ரிப் பழம் என்னும் பிரிட்டிஷ் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசியின் கருத்தை எடுத்துக்கொண்டு, ஏற்கனவே விழுங்கப்பட்ட சமஸ்தானங்களைப் பழங்களாகவே காட்டும் சிறு அனிமேஷன் பகுதி அதில் வருகிறது. அசைவு அதிகம் இல்லை. ஒரு பழம், ஒரு வாய், அதோடு அந்த ராஜ்யத்தின் கதை முடிந்தது. உடன்படிக்கை, படையெடுப்பு, வாரிசு இல்லை என்ற சாக்கு என்று பாடப்புத்தகம் பக்கம் பக்கமாக விளக்கும் வரலாறு அந்தச் சில நொடிகளில் அடங்கிவிடுகிறது. மிருணாள் சென்னின் ‘புவன் ஷோம்’ (1969) படத்துக்கும் அவர் இப்படி ஒரு பகுதியைச் செய்து கொடுத்தார். ராம் மோகனின் பாணியை ஒரே வரியில் சொல்வதானால், உருவத்தை ஓட விடாமல் எண்ணத்தை ஓட விடுவது.

வறுமையைப் பாணி என்று மெச்சுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகாதா என்று ஒருவர் கேட்கலாம். அசைவே அனிமேஷனின் உயிர் என்றால் அசைவைக் குறைப்பது ஊனம்தானே? கேள்வி நியாயமானது. டிஸ்னி ஓவியர்கள் மான்குட்டியின் கால் தடுமாற்றத்துக்காகச் செலவிட்ட உழைப்பு வீணானதென்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அசைவு திரையில் மட்டும் நிகழ வேண்டும் என்பது ஒரு பழக்கமே தவிர விதி இல்லை. இதற்குச் சான்று தேடி டோக்கியோ போக வேண்டியதில்லை, சேலத்துக்கு அருகிலுள்ள தாரமங்கலம் போதும். கெட்டி முதலியார்கள் எழுப்பிய கைலாசநாதர் கோயில் மண்டபத்தில் ஒரு தூணில் வாலியும் சுக்ரீவனும் மற்போரிடுகிறார்கள், தள்ளி இன்னொரு தூணில் ராமன் வில்லை வளைத்து நிற்கிறான். ராமன் நிற்கும் தூணருகே நின்றால் வாலி கண்ணுக்குத் தெரிகிறான். வாலியின் தூணருகே வந்து திரும்பிப் பார்த்தால் ராமன் தெரிவதில்லை. கல் ஒரு நூலளவும் அசையவில்லை. பார்க்கிறவர் பத்தடி நடக்கிறார், மறைந்து நின்று எய்த அம்பின் முழு வழக்கும் அவருக்குள் ஓடி முடிகிறது. எங்கிருந்து பார்க்க வேண்டும் என்பதைச் சிற்பி தீர்மானித்திருக்கிறார். கேமராக் கோணத்தையும் காட்சி வெட்டையும் வைத்துக் குறைந்த ஓவியங்களில் கதை சொல்லும் அனிமேஷன் இயக்குநர் செய்வதும் அதே வகையான தீர்மானம்தான். ஆகவே நம் காட்சி மரபுக்கு டிஸ்னியின் ஓயாத குலுங்கலைவிட ஜப்பானின் நிதானமே நெருக்கமானது என்று சொல்வேன்.

ராமாயணப் படத்தின் வரலாறு இந்த நெருக்கத்துக்கு வெளிப்படையான சாட்சி. யூகோ சாக்கோ அடிப்படையில் ஆவணப்பட இயக்குநர். 1983இல் அலகாபாத் அருகே பி.பி. லால் நடத்திய அகழாய்வைப் படம்பிடிக்க வந்தார். கங்கைக் கரையில், கம்பனில் குகன் வாழும் சிருங்கிபேரம் இருக்கும் வட்டாரம் அது. அந்தப் பயணத்தில் கதை அவரைப் பற்றிக்கொண்டது. ஜப்பானிய மொழியில் கிடைத்த ராமாயண வடிவங்களைத் தேடிப் படித்தார். ராமன் தெய்வம், ஆகவே ஒரு நடிகரின் உடலில் காட்டுவதைவிட அனிமேஷனில் காட்டுவதே தகும் என்பது அவர் எண்ணம். இங்கே அதற்கு நேர்மாறாகப் புரிந்துகொண்டார்கள். ராமாயணத்தை வெளிநாட்டவர் தம் போக்கில் படமாக்கக் கூடாது என்று விசுவ இந்து பரிஷத் ஜப்பானியத் தூதரகத்துக்கு எதிர்ப்புக் கடிதம் எழுதியது. பிறகு அந்தத் தப்பெண்ணம் நீங்கியபோதிலும், கூட்டுத் தயாரிப்புக்கு இந்திய அரசு இணங்கவில்லை. இவ்வளவு உணர்வுபூர்வமான பொருளைக் கார்ட்டூனாக்க முடியாது என்பது அதன் நிலை. இரு நாடுகளும் கூட்டாகச் செய்திருக்க வேண்டிய வேலை, பெரும்பாலும் டோக்கியோவில் நடந்தது. கார்ட்டூன் என்றால் கேலி, குழந்தைகளுக்கான சிரிப்பு என்ற எண்ணம் நம் அதிகாரிகள் மனத்தில் அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது. அந்தக் கலையை அரசே முப்பது ஆண்டுகளாகத் தன் பிரச்சாரத்துக்குப் பயன்படுத்தி வந்ததும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

வரைந்தவர்கள் பெரும்பாலும் ஜப்பானியர்கள், பணம் ஜப்பானுடையது, கூடம் டோக்கியோவில் இருந்தது. ராம் மோகனின் பங்கு ஆலோசகரைத் தாண்டியதா என்பது அடுத்த ஆட்சேபம். முகங்களின் அமைப்பிலும் கண்களிலும் காட்டின் நீர்வண்ணப் பின்னணியிலும் ஜப்பானியக் கை தெளிவாகத் தெரிகிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அனிமேஷனில் பாத்திரம் என்பது முகம் மட்டும் கிடையாது. வேட்டி எப்படிக் கட்டப்படுகிறது, பெரியவர்களிடம் பிள்ளைகள் எப்படி ஆசி வாங்குகிறார்கள் என்பதெல்லாம் இந்தியக் கலைஞர்கள் ஜப்பானிய ஓவியர்களுக்குக் கற்றுக்கொடுத்தவை. இதைச் சில்லறைச் செய்தி என்று ஒதுக்குகிறவர்கள் வேட்டியை வரைந்து பார்த்ததில்லை. கிமோனோவின் மடிப்பு தோளிலிருந்து நேராக இறங்குகிறது. வேட்டியின் மடிப்பு இடுப்பில் தொடங்கித் தொடைகளுக்கிடையே பிரிந்து ஒவ்வொரு அடியிலும் இடம் மாறுகிறது. முட்டியை எவ்வளவு மடக்கலாம், எட்டு எவ்வளவு வைக்கலாம் என்று துணியே நடையைத் தீர்மானிக்கிறது. காலில் விழுந்து எழுவது இன்னும் சிக்கலானது. உடல் முழுவதும் மடங்கி நிமிர வேண்டும், அந்த ஒரு செய்கையில் பணிவின் அளவும் தெரிய வேண்டும். குறைந்த ஓவியங்களில் இதைக் காட்ட வேண்டுமென்றால் நடுவிலுள்ள எந்த நான்கு நிலைகளை வைத்துக்கொள்வது, எவற்றை விடுவது என்று தெரிந்திருக்க வேண்டும். அது அந்தச் செய்கையைப் பிறந்தது முதல் பார்த்தவருக்கே கைவரும். வன்ராஜ் பாட்டியாவின் இசையும் வசந்த் தேவின் சமஸ்கிருதப் பாடல்களும் அதே அளவுக்குப் படத்தை இந்த மண்ணோடு சேர்த்துக் கட்டுகின்றன. படம் முழுவதும் ராம் மோகனுடையது என்று நான் வாதிடவில்லை. அவர் கற்றிருந்த சிக்கனமும் ஜப்பானியர் கற்றிருந்த சிக்கனமும் ஒன்றாக இருந்ததால்தான் அவருடைய அறிவு அந்த மேசைகளில் உடனடியாகச் செல்லுபடியானது என்கிறேன்.

அப்படியானால் ஒரே பள்ளியில் தொடங்கி ஒரே பாடத்தைக் கற்ற இருவரில் ஒருவர் மட்டும் உலகத்தை வென்றது ஏன்? விடைக்குச் சேலத்திலேயே ஒரு தடயம் இருக்கிறது. கொண்டப்பநாயக்கன்பட்டி வழியாக ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில், நகரத்துப் பக்கம், மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவு இன்னும் நிற்கிறது. திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர். சுந்தரம் இங்கிலாந்தின் லீட்ஸில் நெசவுத் தொழில் படித்துவிட்டு வந்து 1930களின் நடுவில் தொடங்கிய அந்தக் கூடம் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. முதல் மலையாளப் பேசும்படமான ‘பாலன்’ (1938), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) இரண்டும் அதன் தயாரிப்புகள். சென்னைக்கு வெளியே, மலையடிவாரத்தில் இருந்துகொண்டு இதைச் சாதிக்க முடிந்ததற்குக் காரணம், மாதச் சம்பளத்துக்கு ஆட்களை வைத்து ஒரு படம் முடிவதற்குள் அடுத்ததைத் தொடங்கிய அந்த ஆலை ஒழுங்கு. ஓயாமல் வேலை வந்ததால் கைகள் தேறின. தேறிய கைகள் இருந்ததால் புதியதைத் துணிய முடிந்தது. டோயெயும் டெசுகாவின் கூடமும் ஜப்பானில் அனிமேஷனுக்கு இதைத்தான் செய்தன. ராம் மோகனுக்கு இது வாய்க்கவே இல்லை. பிலிம்ஸ் டிவிஷன் ஆண்டுக்குச் சில படங்கள் எடுக்கும். விளம்பரம் வரும், போகும். முப்பது நொடிப் படத்தை நூறு முறை செய்தாலும் ஒரு காவியத்தைச் செய்யும் அணி உருவாகிவிடாது.

இந்தியாவில் தேவை இல்லாமலா இருந்தது என்று கேட்பார்கள். 1987இல் தொடங்கிய ராமானந்த் சாகரின் தொலைக்காட்சி ராமாயணத்துக்காக ஞாயிறு காலைகளில் தெருக்கள் வெறிச்சோடிய நாடு இது. கதைக்கான பசி இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பசி அனிமேஷனுக்கான நிலையான ஆர்டராக மாறவில்லை. தூர்தர்ஷனில் 1986இல் சுத்தசத்வ பாசுவின் ‘காயப் ஆயா’ என்ற தொடர் வந்தது. அது ஒரு தொழிலைத் தோற்றுவிக்கவில்லை. சில ஆண்டுகளில் இந்தியக் காட்டில் நடக்கும் மோக்லியின் கதையையே ஜப்பானிடமிருந்து 52 பகுதிகளாக வாங்கி இந்தியில் ஒளிபரப்பினார்கள். ஐம்பத்திரண்டு வாரம் இடைவிடாமல் படம் தரும் கூடம் ஜப்பானில் இருந்தது, பம்பாயில் இல்லை. நம் ஓவியர்களுக்குப் பொறுமை போதாது, இந்தியர்களுக்கு அனிமேஷன் ரசனை கிடையாது என்றெல்லாம் சொல்லப்படும் விளக்கங்கள் இந்த எளிய உண்மைக்கு முன் நிற்பதில்லை.

ராம் மோகனின் பிந்தைய படைப்பான ‘மீனா’வைப் பார்த்தால் இது மேலும் உறுதிப்படுகிறது. பெண் குழந்தைகளின் படிப்பையும் உரிமையையும் மையமாக வைத்து யுனிசெப் 1990களில் தெற்காசியா முழுமைக்கும் உருவாக்கிய தொடர் அது. மீனாவை வங்கதேசத்துக் குழந்தையும் நேபாளத்துக் குழந்தையும் பாகிஸ்தான் குழந்தையும் தன் ஊர்ப்பெண் என்று நம்ப வேண்டும். எந்த நாட்டின் உடையையும் அப்படியே போட்டுவிடாமல், எல்லோருக்கும் பரிச்சயமான ஒரு பாவாடை சட்டையை அவளுக்கு அணிவித்தார் ராம் மோகன். தம்பி ராஜுவும் மிட்டு என்ற கிளியும் கூட வந்தார்கள். எளிய கோடு, தட்டையான வண்ணம், தேவையான அளவு அசைவு; பல மொழிகளும் பல மதங்களும் உள்ள நிலப்பரப்பில் ஒரு முகத்தை எல்லோருக்கும் சொந்தமாக்கியது அவருடைய அதே சிக்கனம்தான். அவள் ஒரு மாம்பழத்தைத் தம்பியோடு சரிபாதியாகப் பங்கிடக் கேட்டால்போதும், வீட்டுக்குள்ளிருக்கும் அநீதி முழுவதும் வெளிச்சத்துக்கு வந்துவிடும். டல்ஹௌசியின் செர்ரியை வரைந்த அறிவு அதில் வேலை செய்வதாகவே எனக்குப் படுகிறது. ஆனால் தொடரின் முதல் பகுதிகளைச் செய்து முடிக்க மணிலாவிலிருந்த ஹன்னா-பார்பரா நிறுவனத்தின் கூடத்துக்குப் போக வேண்டியிருந்தது. பிற்பாடுதான் வேலை பம்பாயில் அவருடைய ஸ்டூடியோவுக்கு வந்தது. பின்னர் அது யுடிவி டூன்ஸ் ஆயிற்று. அப்போது இந்திய ஸ்டூடியோக்களுக்கு வேலை குவியத் தொடங்கியிருந்தது, ஆனால் பெரும்பகுதி அயல்நாட்டுத் தொடர்களுக்கான கூலி வேலை. கைகள் இந்தியாவில் இருந்தன. எங்கே அசைய வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்ற முடிவு வேறெங்கோ எடுக்கப்பட்டது. 2006இல் எழுபத்தைந்து வயதை எட்டியபோது ராம் மோகன் ‘கிராஃபிட்டி’ அனிமேஷன் பள்ளியைத் தொடங்கினார். 2014இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2019 அக்டோபர் 11ஆம் தேதி மும்பையில் மறைந்தார். ராமாயணத்துக்குப் பிறகு அந்த அளவில் இன்னொரு படத்தை அவர் இயக்கவில்லை.